எதிர்வீட்டுச் சந்தேஷ்

காணும் பொங்கலன்று காலை சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது மார்கழிக் கச்சேரிகள் காதைவிட்டு இன்னும் போயிருக்கவில்லை. பதினைந்து நாள் சபா சபாவாக அலைந்தவனுக்கு அதோடு ஆசை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கொல்கத்தாவின் டோவர் லேன் இசை மாநாட்டை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும், இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும் அந்தக் கச்சேரியில் விடியற்கால ராகத்தை விடியற்காலையிலேயே கேட்க வேண்டும் என்பது பல வருடக் கனவு. 2020 ஜனவரியில்தான் கைகூடியது.

டிக்கெட் எடுப்பதற்கு முன் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் 1968-ல் இருபத்திரண்டு வயதில், சுருக்கெழுத்தும் தட்டச்சும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனவர். அப்படிப் போன தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். பணி ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு டேப் ரெக்கார்டரோடு வருவார். தொடையில் தாளம் போடவும், ஆலாபனையின் முதல் இரண்டு பிடியில் ராகத்தை அடையாளம் காணவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆகவே டோவர் லேன் என்றதும் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன்.

"வர்றதுதான் வர்றே, நாலு நாள் முன்னாடியே வந்துடு. 19-ஆம் தேதி பொரோ மேட்ச்."

பொரோ மேட்ச் என்றால் பெரிய ஆட்டம். கால்பந்தில் மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளுக்கு அந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சித்தப்பா ஈஸ்ட் பெங்கால் கட்சி என்பது எனக்குச் செய்தியாகத் தெரியும். எத்தனை ஆழம் என்பது தெரியாது.

சுமார் 1,660 கிலோமீட்டர், 27 மணி நேரம். சிலிகா ஏரியை இருட்டில் கடந்தோம். சனிக்கிழமை மதியம் ஹவுராவில் இறங்கி, மஞ்சள் டாக்ஸியில் பாலத்தைத் தாண்டும்போதே கேட்டுவிட்டேன்: "உங்களுக்குப் பாட்டு பெரிசா, ஃபுட்பால் பெரிசா, சித்தப்பா?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு மேட்ச் பாரு. அப்புறம் டோவர் லேன் கேளு. நீயே சொல்லு" என்றார்.

சித்தப்பாவின் வீடு லேக் மார்க்கெட் பக்கம், ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து பிரியும் சந்தொன்றில், மூன்றாவது மாடியில். காப்பிப்பொடி, வாழையிலை, மல்லிகைச் சரம், அப்பளம் எல்லாம் கிடைக்கும் அந்தக் கடைத்தெருவில் தமிழ் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம், மூன்று தலைமுறையாக மோகன் பாகான். எதிர்வீட்டுக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சாதாரண நாளில் செய்தித்தாள் ஒன்று, வாசகர் இருவர். பொரோ மேட்சுக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் செய்தித்தாள் வாங்குவார்கள் என்று சித்தி சொன்னார்.

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பாகான் ஜெயித்தால் இறால் என்பது ஊர் வழக்கம். அன்று சந்தையில் ஜெயித்தவர்களின் மீனுக்கு விலை ஏறும். சித்தப்பா வீட்டில் மீன் புழங்காது. அதனால் இரு வீட்டுக்கும் ஒரு தனி ஏற்பாடு: ஜெயித்த வீட்டிலிருந்து தோற்ற வீட்டுக்கு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு போகும். தோற்றவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், சாப்பிடவும் வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் மைதானைப் பார்க்கப் போனோம். அந்த ஊரில் மைதான் என்பது ஒரு பெயர்ச்சொல். வில்லியம் கோட்டையைச் சுற்றிக் கிடக்கும் அந்தப் பரந்த புல்வெளியில்தான் 1877-ல் நகேந்திர பிரசாத் சர்பாதிகாரி என்ற சிறுவன், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்த பந்தை உதைத்துப் பார்த்தான் என்று சொல்கிறார்கள். இந்தியக் கால்பந்தின் கதையை அந்த உதையிலிருந்துதான் தொடங்குவார்கள். மோகன் பாகான் 1889-ல் பிறந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். சிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. உள்ளே பார்க்க முடியாத பெருங்கூட்டத்துக்கு, கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள். வானத்தை அண்ணாந்து பார்த்து ஆட்டத்தைப் படித்த அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு அந்தப் புல்லில் கொஞ்ச நேரம் நின்றேன். காலில் பூட்ஸ் இல்லாதவர்கள் ராணுவ அணியை வென்றது விளையாட்டுச் செய்தியாக மட்டும் எப்படி இருந்திருக்க முடியும்?

பக்கத்திலேயே கோஷ்டோ பாலின் சிலை. மோகன் பாகானின் தடுப்பாட்டக்காரர், 'சீனச் சுவர்' என்று பட்டம் பெற்றவர். சித்தப்பா சிலையை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எதிரணிக்காரரைக் கும்பிடுகிறாரே என்று பார்த்தேன். "அவர் பிறந்தது ஃபரீத்பூர். இன்னிக்குப் பங்களாதேஷ். எங்க பக்கத்து ஆளு, அவங்க பக்கம் நின்னு ஆடினார்."

எங்க பக்கத்து ஆளு! காவிரிக்கரையில் பிறந்தவர் இதைச் சொல்கிறார்.

அது எப்படி என்பதை மைதான் ஓரத்தில் மண்குவளை டீ குடித்துக்கொண்டே சொன்னார். ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கப்பட்டது. ஜோராபாகான் அணி, மோகன் பாகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்துக்காரர் ஒருவரை ஆடவிடாமல் உட்காரவைத்தது. அந்த அணியின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கோபித்துக்கொண்டு வெளியேறித் தொடங்கிய கிளப் இது. கல்கத்தாவின் பூர்வீகக்காரர்களுக்குக் 'கொட்டி' என்று பெயர், கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குப் 'பாங்கால்'. பேச்சும் சமையலும் வேறு. 1947-க்குப் பிறகு நிலைமை மாறியது. வீடு, வயல், குளம், தென்னை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெட்டியும் பாயுமாக லட்சக்கணக்கான பேர் எல்லை தாண்டி வந்தார்கள். ஜாதவ்பூரிலும் பிஜோய்கரிலும் குடிசை போட்டார்கள். அவர்கள் விட்டுவந்த நாட்டின் பெயர் இந்தப் பக்கம் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சமிருந்தது. அது ஒரு கால்பந்து கிளப்பின் பெயர்ப்பலகை.

"ஆபீஸ்ல பக்கத்து மேஜைக்காரர் பாரிசால்லேருந்து வந்தவர். எனக்கு அப்ப வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. ஒரு சனிக்கிழமை கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். 'நீயும் ஊரை விட்டுட்டு வந்தவன்தானே, எங்களோட நில்லு'ன்னார். நின்னேன். அவ்வளவுதான்."

அவர் நிற்க இன்னொரு காரணமும் இருந்தது. துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்பர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடியவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், ஈஸ்ட் பெங்காலின் கேப்டன். சித்தப்பா கல்கத்தா போனபோது பலராம் ஆட்டத்தை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் காலரியில் இந்தத் தென்னாட்டுப் பையனைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவர் பெயரைச் சொல்லித்தான் தோளில் கை போட்டார்களாம். மொழி தெரியாத ஊரில் ஒருவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்புறம் 1970 தொடங்கி 1975 வரை கல்கத்தா லீக் பட்டத்தைத் தொடர்ந்து ஆறு வருடம் ஈஸ்ட் பெங்கால் வென்றது. இருபத்துநாலு வயதில் தொடங்கி இருபத்தொன்பதுவரை தோல்வி என்பதையே அதிகம் அறியாத ரசிகன்! அதன் பிறகு அவர் விட்டுப்போக வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். ஆட்டம் ஐந்து மணிக்கு. இ.எம். பைபாஸ் முழுக்க மாட்டடோர்கள். அந்தச் சின்ன லாரிகளை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வண்டியில் சிவப்பும் பொன்மஞ்சளும், அடுத்த வண்டியில் பச்சையும் மெரூனும். சிக்னலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வண்டியே ஆடுகிற மாதிரிக் கூச்சல். விளக்கு மாறியதும் பிரிந்து போகிறார்கள்.

சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு விவேகானந்தர் பெயர். அது வெறும் மரியாதைப் பெயரல்ல. 1897-ல் நம் சென்னையில் பேசும்போதுதான் அவர் இளைஞர்களிடம், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு நெருக்கமாகப் போகலாம் என்கிற பொருளில் சொன்னார். முறையாகச் சங்கீதம் பயின்றவர் அவர், துறவியாகும் காலத்தை ஒட்டி 1887-ல் 'சங்கீத கல்பதரு' என்று ஒரு பாடல் தொகுப்பையும் கொண்டுவந்தவர். பாட்டையும் பந்தையும் ஒரே மனசில் வைத்திருந்த ஒருவரின் பெயரை அந்த வாசலில் படித்தபோது, நான் ரயிலில் சுமந்துவந்த கேள்வி இந்த ஊருக்குப் பழசு என்று பட்டது.

1984-ல் திறந்த மைதானம். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இதே இரண்டு அணிகளைப் பார்க்க 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். பைசுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி நாற்காலி போட்டதில் இடம் குறைந்துவிட்டது. நாங்கள் போன அன்று 60,000-க்கும் மேல் கூட்டம்.

கச்சேரிக் கூட்டத்தின் பெருமூச்சை நான் அறிவேன். ஒரு நல்ல சங்கதி விழுந்ததும் ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு 'ஆகா' சொல்லும்போது மண்டபம் கொஞ்சம் மேலே எழும்பும். அதைவிடப் பெரிய சத்தம் மனிதக் கூட்டத்திலிருந்து வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இது வேறு. இங்கே சத்தம் காது வழியாக வரவில்லை, கால் வழியாக ஏறியது. நூறாண்டுக் கொண்டாட்டத்துக்காக அரிஜித் சிங் பாடிய ஈஸ்ட் பெங்கால் பாட்டைக் காலரி முழுக்கச் சேர்ந்து பாடியது. சுருதி யாருக்கும் சேரவில்லை. சுருதி சேராத பாட்டுக்குக் கண் கலங்கியது வாழ்க்கையில் எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்தத் துணி இறங்கியது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த மாதம் அது. பிறந்த இடத்துக்குக் காகிதம் காட்ட வேண்டியிருக்குமோ என்று பல வீடுகளில் பழைய பெட்டிகளைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் காலரியில் விரிந்த பெரிய பதாகையில், இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்று வங்காளியில் எழுதியிருந்தது. சித்தப்பா எழுந்து நின்றார். சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்த நிமிடம் கூச்சல் இல்லை.

எந்த சபாவில், எந்தப் பாட்டுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்தேன். பாட்டு கேட்கப் போகிறவன் தன் துக்கத்தைத் தனியாகக் கொண்டுபோகிறான், பக்கத்து நாற்காலிக்காரனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. இங்கே எல்லாருக்கும் ஒரே துக்கம், எழுபது வருடத் துக்கம், சட்டைக்கு மேலே நிறமாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

எதிர்க் காலரியிலும் வேறொரு கவலை இருந்தது. மூன்று நாள் முன்பு, ஜனவரி 16 அன்று, மோகன் பாகானின் 80 சதவீதப் பங்கு ஏ.டி.கே. அணியின் உரிமையாளர்களுக்குப் போகிறது என்று அறிவித்திருந்தார்கள். 130 வருடப் பெயருக்கு என்ன ஆகுமோ என்று அந்தப் பக்கம் தவித்தது. ஊரை இழந்தவர்கள் ஒரு பக்கம், பெயரை இழப்போமோ என்று பயந்தவர்கள் மறுபக்கம்.

ஆட்டத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை. முதல் பாதியில் ஜோசெபா பெய்தியா மோகன் பாகானுக்காக ஒரு கோல். இடைவேளைக்குப் பின் பாபா தியவாரா இன்னொன்று. ஈஸ்ட் பெங்காலுக்காக மார்கோஸ் ஒன்றைத் திருப்பினார். மிச்ச நேரம் முழுக்க அந்தப் பக்கம் முட்டி மோதினார்கள். 2-1. முடிந்துவிட்டது.

பாதிக் காலரி காலியானபின்னும் சித்தப்பா உட்கார்ந்தே இருந்தார். எழுபத்துநாலு வயது. குளிர ஆரம்பித்திருந்தது. போகலாமா என்றேன்.

"கச்சேரி சரியில்லேன்னா எழுந்து கேண்டீனுக்குப் போயிடலாம். வித்வானைத் திட்டிட்டு ஒரு காப்பி சாப்பிடலாம். அடுத்த சபாவுல வேற நல்ல கச்சேரி இருக்கும். இதுல எங்கடா போறது?"

வீட்டுக்கு வந்தபோது டப்பா முன்னாலேயே வந்திருந்தது. நொலேன் குர் சந்தேஷ். ஜனவரியில் பேரீச்சைப் பனையிலிருந்து இறக்கும் புது வெல்லத்தில் செய்தது, அந்தப் பழுப்பு நிறமும் புகை மணமும் குளிர்காலத்துக்கு மட்டும்தான். சித்தி திறந்து நீட்டினார். சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் பாட்டு இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போதே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடும் வீடு அது. திங்கள் கிடையாது. செவ்வாய் காலை கிடையாது. செவ்வாயன்று ஈஸ்ட் பெங்காலின் ஸ்பானியப் பயிற்சியாளர் விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. சித்தப்பா தலையாட்டினார். பொழுது சாய்ந்தபிறகுதான் எழுந்துபோய் எஸ்.டி. பர்மனின் வங்காளிப் பாட்டுகளைப் போட்டார், படகுக்காரர்கள் பாடும் பாட்டியாலி மெட்டுகள். சினிமாவில் கேட்ட அந்தக் குரலை அப்படி நான் கேட்டதில்லை. மூக்கில் கொஞ்சம் தங்கி, அகலமான ஆற்றின் மறுகரைக்குக் கூப்பிடுகிற குரல்.

"இவர் கொமில்லாக்காரர். இவரும் எங்க கட்சி" என்றார் சித்தப்பா. பம்பாயில் இந்திப் பட உலகத்தில் உச்சத்தில் இருந்தபோதும் ஈஸ்ட் பெங்கால் வந்தால் கூப்பரேஜ் மைதானத்துக்கு ஓடுவாராம். கூடவே மன்னா டே போவார். அவர் மோகன் பாகான். ஒரே ஸ்டுடியோவில் மெட்டுப் போடுபவரும் பாடுபவருமாக இருந்த இருவரும் மைதானத்தில் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பாகான் 0. அப்போது பர்மன் பக்கவாதத்தில் நினைவிழந்து பம்பாயில் கிடந்தார். மகனும் நண்பர்களும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தும் அசையாதவர், இந்த ஸ்கோரைக் காதில் சொன்னபோது ஒரு தடவை கண்ணைத் திறந்தார் என்று பர்மனைப் பற்றிப் பேசும் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அக்டோபர் 31 அன்று இறந்துபோனார்.

இதைச் சொல்லிவிட்டுச் சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கேட்ட கேள்விக்கு இதுவே பதில் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. வாழ்நாள் முழுக்க இசையாகவே இருந்த ஒரு மனிதர், இசை எட்டாத இடத்துக்குப் போனபின், அவரை எட்டியது ஒரு ஸ்கோர்.

அந்த ஐந்து கோலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அன்றிரவு மோகன் பாகான் ஆட்டக்காரர்கள் சிலர் வீட்டுக்குப் போக முடியாமல் கங்கையில் படகிலேயே கழித்தார்கள் என்பது மைதான் கதை. அந்த அணியின் ரசிகர் ஒருவர், அடுத்த பிறவியில் நல்ல மோகன் பாகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். சித்தப்பா அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். சந்தேஷ் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாராம். மறுநாள் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டபோது டப்பா மேஜைமேல் இருந்தது.

"அந்த ஒரு தடவைதான் நான் அனுப்பலை."

1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தபோது காலரியில் மூண்ட சண்டையிலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. அந்தச் சாவுகளைப் பற்றி மன்னா டே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். சித்தப்பாவிடம் அது இருக்கிறது. கேட்கலாமா என்றேன். போட்டார். முதல் அடி முடிவதற்குள் பால்கனிக்குப் போய்விட்டார். நான் மட்டும் கடைசிவரை கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் டோவர் லேன். 1952-ல் பாலிகஞ்சின் டோவர் லேன் என்கிற தெருவில் தொடங்கிய மாநாடு. இப்போது நடப்பது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நஸ்ருல் மஞ்சத்தில். பக்கத்திலேயே ஒரு கால்பந்து ஸ்டேடியம். இரவு எட்டு மணிக்குப் போர்வை, ஃபிளாஸ்க், காது மூடும் குல்லாய் சகிதம் குடும்பம் குடும்பமாக உள்ளே நுழைகிறார்கள். நள்ளிரவில் கொஞ்சம் பேர் தூங்குகிறார்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ராகம் நேரத்தோடு நகர்கிறது. நம் மேடையில் எந்த ராகத்தையும் எந்த வேளையிலும் பாடிவிடுகிறோம். அங்கே இரவின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை ராகமே சொல்லிவிடும். கடைசிக் கலைஞர் அதிகாலையில் அஹிர் பைரவை எடுத்தபோது சித்தப்பா என் தொடையைத் தட்டினார். "நம்ம சக்கரவாகம்." ஆனால் வேறு ஒளியில் நின்ற சக்கரவாகம். அந்த மெதுவான ஆலாபில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகக் கலைஞர் எடுத்துக்கொண்ட நேரத்தில், நான் ரயிலேறி வந்ததற்கான பலன் முழுசும் கிடைத்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர். பிஜோய்கர் காலனியில் வளர்ந்தவர், பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இடைவேளையில் டீ வாங்கப் போனபோது சித்தப்பா என் கேள்வியை அவரிடம் தள்ளிவிட்டார். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். சித்தப்பா எனக்குத் தமிழாக்கினார்.

அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லை. ஒரே ஒரு ரேடியோ, பேட்டரியில் ஓடுவது. ஞாயிறு காலை கல்கத்தா வானொலியில் பங்கஜ் மல்லிக் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சி வரும். வீட்டில் ஆசிரியர் வைத்துக் கற்க வசதியில்லாத பெண்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். இவர் நோட்டும் பென்சிலுமாக ரேடியோ முன்னால் உட்காருவார். அப்பா பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின் வர்ணனை இருந்தால் பாட்டைப் பாதியில் அணைத்துவிடுவார். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது, புதிது வாங்கக் காசில்லை. மைதானுக்குப் போய் டிக்கெட் எடுக்கவும் காசில்லை. வர்ணனை கேட்கும்போது அப்பா முகம் கிழக்குப் பக்கம் விட்டுவந்த வீட்டில் இருந்தது போலவே இருக்கும் என்று அம்மா சொல்வாராம். பல பாட்டுகளின் பின்பாதி தனக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது என்றார் அந்த அம்மாள்.

"உங்களுக்கு அவர்மேல் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தது. அதனால்தான் இங்கே வந்தால் விடியும்வரை எழுந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு சித்தப்பாவிடம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கோலை யார் தடுத்திருக்க வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இசைக்காக வந்த நான், இசைதான் பெரிது என்ற எண்ணத்தோடு வந்த நான், ஏரிக்கரைப் பனியில் வீட்டுக்கு நடக்கும்போது மனம் மாறியிருந்தேன். இசை எனக்கு எதையும் பணயம் வைக்கச் சொன்னதில்லை. சிறந்த கச்சேரியிலிருந்து நிறைந்து வருவேன், மோசமான கச்சேரியிலிருந்து அலுத்து வருவேன், இரண்டிலும் நான் நானாகவே திரும்புவேன். அந்தக் காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் ஊரை, அப்பாவை, அகதி முகாமில் கழிந்த பால்யத்தைப் பணயம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோற்ற பிறகு அவர்கள் போகும் இடமாகப் பாட்டு இருக்கிறது. சித்தப்பாவுக்கு அது செவ்வாய் மாலைவரை ஆயிற்று. இந்த இரண்டின் பக்தர்களுக்கு எது பெரிது என்று கேட்டால், இரண்டு நாள் பாட்டை நிறுத்த வல்லது எதுவோ அதுதான் என்று சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா குல்லாயைக் கழற்றாமலே ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தார். ஒரு சந்தேஷைப் பாதியாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மீதிப் பாதியை எனக்குக் கொடுத்தார். "மார்ச் 15-ல திருப்பிக் கொடுக்கலாம்."

மார்ச் 15-க்கு இருந்த மறு ஆட்டம் நடக்கவில்லை. தொற்று வந்து எல்லாம் நின்றது. அந்த லீக்கை அத்தோடு முடித்தார்கள், பட்டம் அதற்கு முன்பே மோகன் பாகானுக்கு உறுதியாகியிருந்தது. மார்ச்சில் பி.கே. பானர்ஜியும் ஏப்ரலில் சுனி கோஸ்வாமியும் காலமானார்கள். பலராமோடு சேர்த்து அந்தக் காலத்து மூன்று பெரிய பெயர்களில் இரண்டு. பலராம் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். எதிர்வீட்டு அணியின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. ஒட்டிக்கொண்டது. அடுத்த பொரோ மேட்ச் நவம்பர் 27 அன்று கோவாவில், வாஸ்கோவில், ரசிகர் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில் நடந்தது. 2-0, மோகன் பாகான் ஜெயித்தது.

இரவு போன் செய்தேன். டி.வி.யில் பார்த்தீர்களா என்றேன். பார்த்தேன் என்றார். காலி நாற்காலிகளைக் காட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன் என்றார். எட்டு மாதமாக வீட்டைவிட்டு இறங்காத மனிதர், அந்த எட்டு மாதமும் பாட்டு கேட்டுக் கேட்டுத்தான் கழித்தேன், அதில் ஒரு குறையும் தெரியவில்லை என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டப்பா வந்ததா, சித்தப்பா?"

"வந்தது. வாசல்ல வெச்சு மணியடிச்சுட்டு உள்ளே போயிட்டார். முகத்தைப் பார்க்கலை. உங்க சித்தி டப்பாவைச் சோப்புத் தண்ணியில துடைச்சுக் கொடுத்தா."

"எப்ப சாப்பிடப் போறீங்க?"

"சாப்பிட்டாச்சுடா. துடைச்ச உடனே சாப்பிட்டுட்டேன்."